தடுப்பூசி அட்டையில் ஏன் அந்தத் தேதிகள்? குமரி மாவட்டப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

2024-இல் கேரளத்தில் பொன்னுக்கு வீங்கி வேகமாகப் பரவியது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். வேலைக்கும் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் தினமும் ஏராளமானோர் அந்த எல்லையைக் கடக்கிறார்கள். அதனால் இந்தப் பக்கம் இருக்கும் பெற்றோருக்கும் கவலை வருவது இயல்பு: நம் பிள்ளைக்கு இதற்கு ஊசி போட்டாயிற்றா? அரசு மருத்துவமனையில் கொடுத்த அட்டையைப் புரட்டினால் பொன்னுக்கு வீங்கிக்கு ஊசியே இல்லை. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தனியார் மருத்துவரிடம் போட்ட பிள்ளையின் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் அரசு ஊசி மட்டமா? விட்டுப்போனதை இனிமேல் போடலாமா?

இதற்குப் பதில் சொல்ல, அட்டவணை எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அது புரிந்தால் எந்த ஊசியைத் தள்ளிப்போட்டால் என்ன நடக்கும் என்பதும் புரிந்துவிடும். குமரி மாவட்டத்தில் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பின்படி 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஊசியே வேண்டாம் என்று நிற்பவர்கள் இங்கே குறைவு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்பதாம் மாத ஊசியோடு ‘எல்லாம் முடிந்தது’ என்று அட்டையை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதற்குப் பிறகுதான் பல நோய்களுக்கான பாதுகாப்பு முழுமை பெறுகிறது.

தேதிகளைத் தீர்மானிப்பது எது?

தடுப்பூசி மருந்தில் இருப்பது மூன்று வகையில் ஒன்று. வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி (காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா, தட்டம்மை-ரூபெல்லா). கொல்லப்பட்ட கிருமி (போலியோ ஊசி, கக்குவான் இருமல்). கிருமியின் ஒரு பகுதி அல்லது வீரியம் நீக்கிய அதன் நச்சு (மஞ்சள் காமாலை பி, தொண்டை அடைப்பான், ரண ஜன்னி). எதுவாக இருந்தாலும் நோயை உண்டாக்காமல், உடலுக்கு அந்தக் கிருமியை அடையாளம் காட்டுகிறது. உடல் எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அடுத்த முறை அதே கிருமி வந்தால் அடையாளம் காண நினைவு செல்களையும் சேமித்துக்கொள்கிறது.

எந்த ஊசி எப்போது என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன.

1. நோய் எந்த வயதில் கொடுமையாகத் தாக்குகிறது. கக்குவான் இருமலில் உயிரிழப்பவர்கள் பெரும்பாலும் சில மாதக் கைக்குழந்தைகள். அதனால் அதற்கான ஊசி ஒன்றரை மாதத்திலேயே தொடங்குகிறது.

2. தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு எப்போது தீர்கிறது. கர்ப்பத்தில் தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தைக்கு வந்து சேர்கின்றன. அவை நல்லவைதான். ஆனால் அவை உடலில் இருக்கும்போது தட்டம்மை ஊசி போட்டால், ஊசியில் உள்ள வலுவிழந்த கிருமியையும் அழித்துவிடும், ஊசி வீணாகும். ஒன்பது மாதம் வரை காத்திருப்பது இதனால்தான்.

3. எத்தனை தவணை போட்டால் உடல் மறக்காமல் இருக்கும். கொல்லப்பட்ட கிருமிக்கும் நச்சுக்கும் ஒரு தவணை போதாது. குறைந்தது 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் நினைவூட்ட வேண்டும்.

பிறந்த அன்று

பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி ஊசி. மூன்றில் கடைசியானதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் மணிக்கணக்கு முக்கியம்.

ஹெபடைட்டிஸ் பி கிருமி தாய்க்கு இருந்தால் பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றலாம். பெரியவர்களுக்குத் தொற்றினால் 100 பேரில் 95-க்கு மேற்பட்டோர் அதிலிருந்து மீண்டுவிடுவார்கள். பிறக்கும்போது தொற்றினால் கணக்கு தலைகீழ்: 100 குழந்தைகளில் 90 பேர் வரை அதை வாழ்நாள் முழுவதும் சுமப்பார்கள். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பல பத்தாண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வரும். இதைத் தடுக்கும் தவணை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ‘வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்று இதைத் தள்ளிவைக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே அட்டையில் இது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடது மேல் கையில் போடும் பிசிஜி, குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வடிவங்களைத் தடுக்கிறது: மூளை உறைக் காசநோய், உடலெங்கும் பரவும் காசநோய். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இதனால் உறுதியாகத் தடுக்க முடியாது. ஊசி போட்ட சில வாரங்களில் அந்த இடம் சிறு கட்டியாகிச் சீழ் வைத்து, வடு விட்டு ஆறும். மருந்து தடவ வேண்டாம், அமுக்க வேண்டாம். வடு வரவில்லையே என்று மறுபடி போடச் சொல்லவும் வேண்டாம்.

ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதம்

அட்டையில் 6, 10, 14 வாரம் என்று இருக்கும். பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய் ஊசி மூன்று முறை. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் எனப்படும் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் ஆகியவைதான் அந்த ஐந்து. இந்தியாவில் இந்த ஊசி முதன்முதலில் அரசுத் திட்டத்தில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில். கூடவே கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்து வாய் வழியாக மூன்று முறை, போலியோ சொட்டு மூன்று முறை. நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி 6-ஆம், 14-ஆம் வாரங்களில். மூன்றாவது தவணை ஒன்பதாம் மாதத்தில்.

போலியோவுக்குச் சொட்டும் கொடுத்து ஊசியும் ஏன்? சொட்டு மருந்து குடலில் பாதுகாப்பை உண்டாக்கி, கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதைத் தடுக்கிறது. ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி, கிருமி நரம்பைத் தாக்காமல் காக்கிறது. இந்தியாவின் கடைசி இயல்பான போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. ஆனாலும் உலகின் சில பகுதிகளில் கிருமி இன்னும் இருக்கிறது. தடுப்பூசி குறைந்த ஊர்களில், சொட்டு மருந்தில் உள்ள வலுவிழந்த கிருமியே நீண்ட காலம் பரவி மாற்றமடைந்து வலுப்பெறும் வாய்ப்பும் அரிதாக உண்டு. அதனால்தான் 2016 முதல் ஊசி சேர்க்கப்பட்டது. 2023 ஜனவரி முதல் ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவது போலியோ ஊசியும் வந்தது. அதற்கு முன்பு பிறந்த மூத்த பிள்ளையின் அட்டையில் இது இல்லாமல் இளைய பிள்ளையின் அட்டையில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

நம் ஊர் வழக்கம் ஒன்று இங்கே குறுக்கே வருகிறது. பேறுகாலம் தாய் வீட்டில். முதல் ஊசிகள் அங்கே உள்ள துணை சுகாதார நிலையத்தில் போடப்படும். மூன்று மாதத்தையொட்டி தாயும் பிள்ளையும் கணவன் வீட்டுக்குப் போவார்கள். 14-ஆம் வார ஊசி விழுவது சரியாக அந்த நேரத்தில். தாய் வீட்டுப் பக்கத்து நர்ஸம்மா, பிள்ளை போய்விட்டது என்று நினைப்பார். இங்குள்ளவருக்குப் பிள்ளை வந்ததே தெரியாது. கேரளத்தில் பிரசவமாகி இங்கே வரும் குடும்பங்களுக்கும், மீன்பிடித் தொழிலுக்காகக் கொச்சிப் பக்கம் போய்த் தங்கும் குடும்பங்களுக்கும் இதே சிக்கல். புது இடத்துக்கு வந்தவுடனே அந்த ஊர் அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ அட்டையைக் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். ஊசி எந்த மாநிலத்தில் போட்டாலும் தேசிய அட்டவணை ஒன்றே. பாறசாலையில் போட்ட முதல் தவணைக்குத் தக்கலையில் இரண்டாவது தவணை போட்டுக்கொள்ளலாம்.

ஒன்பதாம் மாதம்: தட்டம்மை, ரூபெல்லா

மணல்வாரி என்றும் சொல்லப்படும் தட்டம்மையைப் பலர் ‘அம்மை போட்டுப் போய்விடும்’ என்று நினைக்கிறார்கள். வேப்பிலை வைத்து, அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, பிள்ளையைத் தனியே படுக்க வைப்பது நம் மரபு. அந்த நம்பிக்கைக்கும் தடுப்பூசிக்கும் எந்த மோதலும் இல்லை. ஆனால் நோயைக் குறைத்து எடைபோடக் கூடாது. நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, பார்வையிழப்பு, மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். அதோடு, மற்ற நோய்களுக்கு எதிராக உடல் ஏற்கெனவே சேர்த்து வைத்த நினைவையும் அது அழிக்கிறது. தட்டம்மை வந்து குணமான பிள்ளைக்கு அடுத்த சில மாதங்கள் வேறு நோய்கள் எளிதாக வருவதற்குக் காரணம் இதுதான். ஊசியோடு வைட்டமின் ஏ திரவம் கொடுப்பது கண்ணைக் காக்க; ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது தொடர வேண்டும்.

மனிதருக்கு வரும் தொற்றுகளில் மிக வேகமாகப் பரவுபவற்றில் தட்டம்மை ஒன்று. எதிர்ப்பு இல்லாதவர்கள் நடுவில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். இருமியவர் எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். கூட்டம் நிறைந்த பேருந்தோ, மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவோ போதும். ஊரில் பரவாமல் நிற்க 100 பேரில் 95 பேருக்காவது எதிர்ப்பு இருக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. ஒன்பதாம் மாதத்தில் போடும் ஊசி 100-க்கு 85 பிள்ளைகளிடம்தான் பலன் தரும். சிலருக்குத் தாயின் எதிர்ப்பொருள் இன்னும் மிச்சம் இருக்கும். ஆகவே ஒரு பிள்ளை விடாமல் ஒன்பதாம் மாத ஊசி போட்ட ஊரிலும் 15 பிள்ளைகள் பாதுகாப்பில்லாமல் நிற்பார்கள். 95-ஐ எட்டவே முடியாது. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாவது ஊசி இந்த 15 பேருக்காகத்தான். அந்த 15 பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாருக்கும் போட வேண்டும்.

ரூபெல்லா பிள்ளைக்கு லேசான காய்ச்சல், தடிப்போடு போய்விடும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இருக்கும் பெண்ணுக்கு அது தொற்றினால் கருவில் உள்ள குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இதயக் கோளாறு வரலாம். ஆண் பிள்ளைகளுக்கும் இந்த ஊசி போடுவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: அவன் மூலமாக ஒரு கர்ப்பிணிக்குப் போகாமல் இருக்க.

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தமிழ்நாட்டில் நடந்தபோது வாட்ஸ்ஆப் வதந்திகளால் பல பெற்றோர் தயங்கினார்கள். இதே மண்ணில் தடுப்பூசிக்கு 200 ஆண்டு வரலாறு உண்டு. குமரி 1949 வரை திருவிதாங்கூரின் பகுதி, பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. 1813-இல் ராணி கௌரி லட்சுமி பாய் ஆட்சியில் பெரியம்மைத் தடுப்பு இங்கே தொடங்கப்பட்டது. மக்களின் பயத்தைப் போக்க அரச குடும்பத்தினரே முதலில் குத்திக்கொண்டார்கள். 1879-இல் அரசு ஊழியர்கள், மாணவர்கள், கைதிகள் ஆகியோருக்கு அது கட்டாயமானது. பெரியம்மை 1980-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஒன்றரை வயதுக்குப் பிறகு: மறந்துபோகும் ஊசிகள்

தட்டம்மையின் இரண்டாவது ஊசி முதல் முறை பலிக்காதவர்களுக்கு என்று பார்த்தோம். முத்தடுப்பு பூஸ்டர் அப்படியல்ல. தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, கக்குவான் இருமல் மூன்றுக்கும் முதல் மூன்று தவணைகள் பெரும்பாலோருக்குப் பலிக்கும்; ஆனால் ஆண்டுகள் போகப் போக அந்தப் பாதுகாப்பு தேய்ந்துவிடும். தேய்வதை ஈடுகட்டத்தான் 16–24 மாதத்தில் ஒன்று, 5–6 வயதில் ஒன்று, பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் டிடி என்ற ஊசி (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும்).

விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அருகிலேயே உதாரணம் உண்டு. 2016-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் பரவி உயிரிழப்பும் நேர்ந்தது. பள்ளி, கல்லூரி வயதில் உள்ளவர்களும் அதில் பாதிக்கப்பட்டார்கள். இந்நோயில் தொண்டையில் சாம்பல் நிறத்தில் தடித்த படலம் உருவாகி மூச்சை அடைக்கும். படலத்தைவிட ஆபத்து, கிருமி வெளியிடும் நச்சு இதயத்தையும் நரம்பையும் தாக்குவது. நச்சு உறுப்பில் ஒட்டிக்கொண்ட பிறகு எதிர்மருந்து கொடுத்தாலும் அதை அகற்ற முடியாது. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

ரண ஜன்னிக்கு வேறொரு தன்மை. மற்ற நோய்களில் ஊரில் எல்லாரும் போட்டுக்கொண்டால் போடாதவருக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும். இதில் அது இல்லை, ஏனென்றால் கிருமி மனிதரிடமிருந்து வருவதில்லை, மண்ணில் இருக்கிறது. ரப்பர் தோட்டத்திலும் வாழைத் தோப்பிலும் விளையாடும் பிள்ளைக்குத் தன் உடலில் உள்ள பாதுகாப்பு மட்டும்தான் துணை.

இந்த ஊசிகள் தவறுவதற்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல. தமிழ்நாட்டில் கிராமத் தடுப்பூசி நாள் புதன்கிழமை. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை செய்யும் தாய்க்கு அன்று போனால் ஒரு நாள் கூலி போகும். ஓடித் திரியும் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாட்டியால் போகவும் முடியாது. இன்னொரு நாள் போனால் ‘புதன் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது: தட்டம்மை மருந்தும் பிசிஜியும் கரைத்த 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தப்பட வேண்டும். ஒரே பிள்ளைக்காகப் பல தவணைகள் கொண்ட குப்பியைத் திறந்தால் மீதி வீணாகும். முந்தின நாளே போனில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். ஆனால், வேலைக்குப் போகும் தாய்மாருக்கு ஏற்ற நேரத்தில் ஊசி முகாம் வைப்பதையும் நிர்வாகம் யோசிக்க வேண்டும். சுமை முழுவதையும் தாய் தலையில் வைப்பது நியாயமில்லை.

அரசு அட்டை, தனியார் புத்தகம்

அரசு அட்டவணை ஒரே கேள்வியை வைத்து அமைகிறது: எந்த ஊசி நாடு முழுவதும் அதிக உயிர்களைக் காக்கும்? அதில் உள்ள எல்லாம் இலவசம். அதில் உள்ள எதையும் விடக் கூடாது. தனியார் மருத்துவர்கள் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அட்டவணையைப் பின்பற்றுகிறார்கள். அதில் கூடுதலாக இருப்பவை: பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர், சின்னம்மை, மஞ்சள் காமாலை ஏ, டைபாய்டு, ஃப்ளூ.

பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அரிதாகக் காது கேளாமை வரும்; சிலருக்கு மூளை உறை அழற்சியும், பருவமடைந்த பையன்களில் சிலருக்கு விரை வீக்கமும் வரும். வசதி இருந்தால் எம்எம்ஆர் போடுவது நல்லதுதான். இல்லாவிட்டால் அரசு ஊசி போட்ட பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று கலங்க வேண்டாம்.

‘வலியில்லா ஊசி’ பற்றியும் கேட்கிறார்கள். அதில் கக்குவான் கிருமி முழுதாக இல்லாமல் அதன் சில பகுதிகள் மட்டும் இருக்கும். காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பது உண்மை. ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிரான பாதுகாப்பு அதில் சீக்கிரம் தேய்கிறது. அரசு ஊசியில் ஒரு நாள் காய்ச்சல் வருவதால் அது தரக்குறைவான மருந்து ஆகிவிடாது.

காய்ச்சல், சளி, பயம்

1. பென்டா ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல், தொடையில் வீக்கம், அழுகை வரும். எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். தைலம் தேய்க்க வேண்டாம்.

2. தட்டம்மை ஊசிக்குப் பிறகு 7 முதல் 10 நாளில் லேசான காய்ச்சலும் தடிப்பும் வரலாம்.

3. சளி, லேசான காய்ச்சல், சாதாரண வயிற்றுப்போக்கு இருந்தாலும் ஊசி போடலாம். ‘மூக்கு ஒழுகுது, அடுத்த மாசம் பார்ப்போம்’ என்பதுதான் பிள்ளைகள் தவறிப்போக அடிக்கடி காரணமாகிறது. கடும் காய்ச்சல் இருந்தால் மட்டும் சில நாள் தள்ளலாம்.

4. முந்தைய தவணைக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் நோயோ சிகிச்சையோ இருந்தாலோ, அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

5. ஊசி போட்ட பிறகு 30 நிமிடம் அங்கேயே இருங்கள். கடும் ஒவ்வாமை மிக அரிது; வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வரும், அங்கேயே மருந்தும் இருக்கும்.

தவறிவிட்டால்

விட்டுப்போன ஊசிக்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். எல்லாவற்றுக்கும் வயது வரம்பு ஒன்றல்ல என்பதை மட்டும் கவனியுங்கள். அரசுத் திட்டத்தில் பிசிஜி ஒரு வயது வரை. ரோட்டா, பென்டா இரண்டும் ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். தட்டம்மை-ரூபெல்லாவும் போலியோ சொட்டும் 5 வயது வரை. முத்தடுப்பு 7 வயது வரை. அதற்குப் பிறகு டிடி.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, அந்நோய் உள்ள மாவட்டங்களில் மட்டும் போடப்படுவது. வேறு மாவட்டத்தில் வேலை செய்யும் உறவினரின் பிள்ளைக்கு அது போட்டிருந்தால், நம் பிள்ளைக்கு விட்டுப்போனதாக அர்த்தமில்லை.

அட்டை தொலைந்திருந்தால், ஊசி போட்ட ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டிலோ, அரசின் இணையத் தடுப்பூசிப் பதிவேடான யு-வின்னில் பதிவு இருந்தால் கைப்பேசி எண்ணை வைத்தோ தேடிப் பார்க்கலாம். எங்கும் பதிவு கிடைக்காவிட்டால் மருத்துவர் மீண்டும் போடச் சொல்லுவார். ஏற்கெனவே போட்ட ஊசியை இன்னொரு முறை போடுவதால் பொதுவாகக் கெடுதல் வராது. 10, 16 வயது டிடி பள்ளியிலேயே போடப்படுகிறது. அன்று வகுப்புக்கு வராத பிள்ளையும், படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளையும் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் இலவசமாகப் போடுவார்கள்.